ஆவுடையப்பன் கடைச் சொதி

சங்கரன்கோவில் உழவர் சந்தைக்குப் பின்னால் கோமதியம்மா மெஸ் இருக்கிறது. போர்டு கிடையாது. ஒரு தகரச் சாய்ப்பு, உள்ளே இரண்டு பெஞ்சு, அவ்வளவுதான். காலையில் சந்தையில் இறங்குகிற காய் மதியம் அங்கே இலைக்கு வந்துவிடும். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் ரெண்டு வடையும் ஒரு காபியும் சாப்பிடுகிற காசுக்கு இங்கே பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு எழுந்து வரலாம்.

புதன்கிழமை என்றால் சொதி. எங்கள் பக்கம் கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற விருந்துக் குழம்பு அது. தேங்காய்ப் பாலும் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் சேர்ந்து, மஞ்சளாகவும் இல்லாமல் வெள்ளையாகவும் இல்லாமல் ஒரு நிறம். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. அதை வாராவாரம் மாப்பிள்ளை அல்லாதவர்களுக்கும் போடுகிற ஒரே ஆள் கோமதியம்மா.

நான் மோட்டார் வைண்டிங் கடையில் வேலை பார்க்கிறேன். அந்தப் புதன்கிழமை வலது காலில் மாவுக்கட்டு, கக்கத்தில் ஊன்றுகோல். வரிசையில் கடைசி ஆளாக நின்றேன். எனக்கு முன்னால் ரெஜினா டீச்சர், கையில் காய்கறிப் பையோடு. அவருக்கு முன்னால் ரிட்டயர்டு கண்டக்டர் ஐயாதுரை. அதற்கும் முன்னால் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி. வரிசையின் தலைப்பில் சந்தையில் மூட்டை தூக்குகிற நாலு பேர்.

உள்ளேயிருந்து கோமதியம்மாவின் குரல் கேட்டது. "சொதி இன்னும் அஞ்சாறு இலைக்குத்தான் வரும். இப்பமே சொல்லிட்டேன்."

அப்போதுதான் தங்கப்பழம் அண்ணாச்சி மொபெட்டை நிறுத்திவிட்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார். ஆட்டுத் தரகர். ஒரு கிடாவைக் குட்டி என்று வாங்கி, அதே கிடாவை மதியத்துக்குள் குதிரை என்று விற்கக்கூடியவர். வரிசையைத் தலையிலிருந்து வால் வரைக்கும் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாவம். இந்த வெயிலுல நிக்கீங்களே எல்லாரும்," என்றார். "ரெண்டு தெரு தள்ளி ஆவுடையப்பன் கடை சும்மா கெடக்கு."

யாரும் திரும்பவில்லை.

"அங்கயும் இன்னைக்கு சொதிதான்."

ஐயாதுரை திரும்பினார். "எந்த ஆவுடையப்பன்?"

"கழுகுமலை ரோட்டுல, பெட்ரோல் பங்குக்கு எதுத்த சந்து. நீங்க கண்டக்டரா இருந்துருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

"அவ்வளவு நல்ல கடைன்னா அங்க ஏன் கூட்டம் இல்ல?" என்று ரெஜினா டீச்சர் கேட்டார். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவர். கேள்வி அப்படித்தான் வரும்.

"கூட்டம் எப்படிம்மா வரும்? ஒருக்க சாப்பிட்டவனுக்கு மூணு நாளைக்குப் பசிக்காது. இன்னைக்கு வந்தவன் இனிமே சனிக்கிழமைதான் வருவான். அதுக்குள்ள கடை வெறிச்சோடிப் போயிரும்."

மூட்டை தூக்குகிறவர்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூணு நாள் பசிக்காது என்பது அவர்கள் தொழிலில் பெரிய விஷயம். மூத்தவர் தலையைச் சொறிந்தார். "சும்மா எட்டிப் பாத்துட்டு வாறோம்" என்றார். நாலு பேரும் போய்விட்டார்கள்.

தங்கப்பழம் அண்ணாச்சி அவர்கள் போவதைப் பார்க்கவேயில்லை. வேட்டி நுனியில் ஒட்டியிருந்த ஆட்டுப் புழுக்கையைத் தட்டிவிட்டு, என் மாவுக்கட்டிடம் பேசுகிறவர் மாதிரி ஆரம்பித்தார்.

"காய் எடுக்குறதுல ஆவுடையப்பன் ரொம்பக் கறாரு. செடியிலேருந்து பறிச்சு ஒரு மணி நேரம் ஆயிட்டுன்னா அதுக்குப் பேரு வத்தல்னு சொல்லிருவான். ஒருநாள் நானும் அவன்கூட இந்தச் சந்தைக்கு வந்தேன். ஒரு புடலங்காய் கெடக்கு. நுனியப் புடிச்சுத் தூக்குதான், தூக்குதான், வந்துக்கிட்டே இருக்கு. என்னடான்னு பாத்தா, அது இன்னும் கொடியிலேருந்து அறுக்கல. கொடி அடுத்த ஊரு புளியங்குடியில நிக்கு."

"புளியங்குடியிலயா?" என்றாள் புதுப்பெண்.

"ஆமா தாயி. புடலை நேரா வளரணும்னு நுனியில கல்லு கட்டித் தொங்கவிடுவாவள்லா? அந்த விவசாயி மறந்துட்டான். காய் தரையில எறங்கி, ரோட்டோரமா வளந்து, தானா சந்தைக்கு வந்துட்டு. லாரி வாடகை மிச்சம்."

"நடுவுல ரயில்வே கேட் இருக்கே," என்றார் ஐயாதுரை. அந்த ரூட்டில் வருஷக்கணக்காக ஓடியவர்.

"கேட் போட்டிருந்தா நிக்கும். தொறந்தா வளரும். நம்ம ஆவுடையப்பன் தனக்கு வேண்டியத ஒரு முழம் நறுக்கிக்கிட்டு, மிச்சத்த ஒரு இழு இழுத்தான். அந்தப் பக்கத்திலேருந்து 'யாருவே அது'ன்னு சத்தம் வருது. 'ஆவுடையப்பன்'னு இவன் சொன்னான். 'அப்ப சரி, எடுத்துக்கிடும்'னுட்டான். அவ்வளவு மரியாதை."

புது மாப்பிள்ளை சிரித்தான். பெண் சிரிக்கவில்லை. "புடலங்காய்க் கூட்டு உண்டா அங்க?" என்று கேட்டாள்.

"புதன்கிழமை கட்டாயம் உண்டு."

"எனக்குப் புடலங்காய்தான் உசிரு" என்று அவள் புருஷனைப் பார்த்தாள். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாதவன் அதற்கு மேல் என்ன செய்வான். பைக்கை எடுத்தான்.

இப்போது வரிசையில் ஐயாதுரை, டீச்சர், நான், அண்ணாச்சி. உள்ளே தாளிக்கிற வாசனை வந்தது. அண்ணாச்சியின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். மனுஷன் நிஜமாகவே பசியோடு இருந்தார். ஆனால் குரல் மாறவில்லை.

"சொதிக்குத் தேங்காய்ப் பால் எடுப்பான் பாருங்க. எல்லாரும் மூணு பால் எடுப்பாவ. அவன் ஒரே பால்தான். அதுல கரண்டியப் போட்டா முங்காது, மேலயே படுத்துக்கிடும். பக்கத்து வீட்டுக் கன்னுக்குட்டி ஒருநாள் அத நக்கிட்டு. அன்னையிலேருந்து தாய்கிட்ட குடிக்க மாட்டேங்கு. தாய்ப்பசுவுக்குக் கோவம். நேரா கடைக்கு வந்து, நம்மளவிட அப்படி என்ன பெருசான்னு அதுவும் ஒரு வாய் குடிச்சுப் பாத்துச்சு."

"பாத்து?" என்றார் ஐயாதுரை.

"ஒண்ணும் சொல்லல. தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டு. இப்பவும் கறக்கப் போனா மூஞ்சியத் திருப்பிக்கிடும். தன் பாலப் பாத்து அதுக்கே ஒரு கூச்சம்."

"மாடு கூச்சப்படுமா?" என்றார் டீச்சர்.

"நான் மாட்டு வியாபாரி இல்லம்மா, ஆட்டு வியாபாரி. எனக்குத் தெரிஞ்சத மட்டுந்தான் சொல்லுதேன்."

ஐயாதுரை கக்கத்துக் குடையை எடுத்துக் கையில் பிடித்தார். பிறகு, "வெலை என்ன வாங்குதான்?" என்றார்.

அண்ணாச்சி கையை விரித்தார். "அத மட்டும் கேக்காதீங்க. சொன்னா என்னையப் புளுகன்னு நெனச்சிருவீங்க. ஊருக்குள்ள எனக்குன்னு ஒரு பேரு இருக்கு."

அந்த ஒரு வார்த்தைதான் ஐயாதுரையைத் தூக்கியது. பென்ஷன்காரர். குடையை விரித்துக்கொண்டு கழுகுமலை ரோட்டுப் பக்கம் நடந்தார்.

டீச்சர் அசையவில்லை. பையைக் கை மாற்றிக்கொண்டு, "என்கிட்ட இதெல்லாம் நடக்காது அண்ணாச்சி" என்றார்.

"உங்களப் போகச் சொல்லலையே. நீங்க நில்லுங்க. எங்க சித்தப்பா கதைய மட்டும் சொல்லிட்டு நான் சும்மா இருந்துருதேன்."

"சித்தப்பாவும் அங்க சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரு. செத்த மறுநாள் சாப்பிட்டாரு."

டீச்சர் அவரைக் கூர்ந்து பார்த்தார். அண்ணாச்சியின் முகத்தில் ஈ உட்கார்ந்திருந்தது. அதைக்கூட அவர் ஓட்டவில்லை.

"பாடைத் தேர் கட்டி, மேளம் வச்சு, அந்தச் சந்து வழியாத்தான் தூக்கிட்டுப் போறோம். ஆவுடையப்பன் அந்நேரம் பாத்து இஞ்சிப் பச்சடி தாளிக்கான். தூக்கிட்டுப் போற எங்க எல்லாருக்கும் தும்மல். மேலேயும் ஒரு தும்மல். எறக்கி வச்சோம். சித்தப்பா எந்திரிச்சு உக்காந்து, மூக்குல இருந்த பஞ்ச எடுத்து ஓரமா வச்சுட்டு, 'எலை இருக்கா'ன்னு கேட்டாரு."

"பொழச்சிட்டாரா?"

"கேளுங்க. உள்ள கூட்டிட்டுப் போனோம். மூணு தடவ சோறு வாங்குனாரு. ரெண்டு தடவ சொதி. கடைசியில மோரு குடிச்சு, கையக் கழுவி, வெளிய வந்து பாக்காரு. மேளக்காரன் நிக்கான், சொந்தக்காரன்லாம் மதுரையிலேருந்து லீவு போட்டு வந்து நிக்கான். பெரிய மனுசன் பாருங்க. நம்மளால அத்தன பேருக்கும் அலைச்சல்னு தேருல ஏறி மறுபடியும் படுத்துக்கிட்டாரு."

டீச்சர் பையைத் தோளுக்கு ஏற்றினார்.

"இதுல ஒரு வார்த்தைகூட உண்மை இல்ல."

"சரிம்மா."

"ஆனா இவ்வளவு பொய் ஒரு கடையப் பத்தி ஒருத்தர் சொல்லணும்னா, அந்தச் சாப்பாடு சுமாராவாவது இருக்கணும்." சொல்லிவிட்டு ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினார். கணக்கு டீச்சர் போட்ட கணக்கு. நான் என்ன சொல்ல.

மிச்சம் நானும் அண்ணாச்சியும். அவர் என் காலைப் பார்த்தார்.

"தம்பிக்கும் ஒரு ஆட்டோ புடிச்சுத் தரட்டுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி. ஏறி எறங்க முடியாது."

"ஆமா. பாவம்," என்றார். அது மட்டும் மனசிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

உள்ளே சாப்பிட்டவர்கள் வெளியே வந்தார்கள். பின்னாலேயே கோமதியம்மா வந்தார். கையில் பாதி உடைத்த தேங்காய். வாசலில் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"எங்க மத்த ஆளுக?"

"போயிட்டாங்க" என்றேன்.

"கூட்டத்தப் பாத்துத்தான் இன்னொரு ஒலை வைப்போம்னு தேங்காய எடுத்தேன். உள்ள இருந்தவுக எல்லாரும் ரெண்டாவது தடவ வாங்கிட்டாவ. இப்ப ஒரு எலைக்குத்தான் இருக்கு. ஒத்த ஆளுக்கு ஒலை வைக்க முடியாது அண்ணாச்சி." அண்ணாச்சி என்று சொன்னது தங்கப்பழத்தைப் பார்த்து. எனக்குக் கதவை அகலமாகத் திறந்துவிட்டார்.

ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இலையில் சோறு விழுந்தது, சொதி விழுந்தது. முருங்கைக்காய் விரல் பட்டதும் பிரிந்தது. நான் பொய் சொல்லத் தெரியாதவன், அதனால் நன்றாக இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி நின்றார்.

"பச்சடி உறைக்கா தம்பி?"

"உறைக்கு அண்ணாச்சி."

"பருப்பு கொழஞ்சிருக்கா?"

"கொழையல. வெந்திருக்கு."

"அது அப்படித்தான் இருக்கணும்," என்றார் மெல்ல. அன்றைக்கு அவர் சொன்னதிலேயே நம்பும்படியாக இருந்தது அந்த ஒன்றுதான். இலையில் பாதியை ஒதுக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தெருவில் பேச்சுச் சத்தம் கேட்டது.

எல்லோரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் மூட்டைக்காரர்கள், பின்னால் ஜோடி, ஐயாதுரை, டீச்சர். யார் முகத்திலும் சாப்பிட்ட களை இல்லை. அவர்களோடு கையெல்லாம் கறுப்பு மசி ஒட்டிய ஒல்லியான ஆள் ஒருவரும் வந்தார்.

"அந்தச் சந்துல சாப்பாட்டுக் கடையே கிடையாது," என்றார் டீச்சர். "ஒரே ஒரு பஞ்சர் கடைதான். ஆவுடையப்பன் யாருன்னு கேட்டா, பஞ்சர் ஒட்டுற இவர், நான்தான்ங்கிறார்."

ஒல்லியான ஆள் தங்கப்பழத்தைப் பார்த்துத் தலையாட்டினார். "காலையில மொபெட்டுக்கு டியூப் ஒட்டிட்டுப் போன அண்ணாச்சிலா."

கோமதியம்மா தலைகளை எண்ணினார். மிச்சத் தேங்காயை வாசல் கல்லில் ஒரே போடாகப் போட்டு உடைத்தார். "ஒலை வச்சிருதேன். முன்ன நின்ன வரிசையிலேயே நில்லுங்க. அண்ணாச்சி, நீங்க கடைசியில."

அண்ணாச்சி மறுபேச்சு இல்லாமல் கடைசிக்குப் போனார். அவருக்கு முன்னால் பஞ்சர்க் கடைக்காரர் நின்றார். அவர் மெதுவாகத் திரும்பினார்.

"கடைய மூடிட்டு வந்துருக்கேன் அண்ணாச்சி. வந்தவுக சொன்னதக் கேட்டதுலேருந்து எனக்கே பசி தாங்கல. நெசமாவே என் கை சொதி அவ்வளவு நல்லாவா இருக்கும்?"

"நான் பொய் சொல்லுவனா?"

"அப்ப நான் எதுக்கு இங்க வந்து வரிசையில நிக்கேன்?"

தங்கப்பழம் அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னைக்குப் புதன்கிழமைலா," என்றார். "உங்க கடை லீவு."

பஞ்சர்க் கடைக்காரர் அதை யோசித்துப் பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டு முன்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.