மொர்ணா

கோடையில் அந்தக் காட்டில் ஒரே ஒரு குட்டையில்தான் தண்ணீர் இருந்தது. அங்கே ஒரு வழக்கம். குடிக்க வருகிற விலங்கு, குடித்துவிட்டுப் போகிற விலங்கிடம் “தண்ணியில் என்ன?” என்று கேட்கும். பதில் ஒரே சொல்தான். பாம்பு என்றோ தெளிவு என்றோ சொல்லிவிட்டு நடையைக் கட்டவேண்டும். கேட்ட விலங்கு அதை அடுத்து எதிர்ப்படும் விலங்கிடம் சொல்லும். நின்று பேசினால் புலிக்கு வசதி.

குறுங்காதன் என்ற முயலுக்குப் பன்றிகளால் தொல்லை. அவை தினமும் இறங்கிப் புரண்டு தண்ணீரைச் சேறாக்கின. ஒருநாள் காலை முயல் குடித்துவிட்டுத் திரும்பும்போது பெரிய பன்றி எதிரே வந்தது.

“என்னடா பொடியா, தண்ணியில் என்ன?”

முயல் வாய்க்கு வந்ததைச் சொன்னது. “மொர்ணா!”

அப்படி ஒன்றைப் பன்றி கேள்விப்பட்டதே இல்லை. அதைக் காட்டிக்கொள்ள வெட்கம். “ஓ, மொர்ணாவா!” என்று திரும்பி நடந்தது.

மாலைக்குள் அந்தச் சொல் காடு முழுக்கப் போய்விட்டது. அதற்கு எட்டுக் கால் என்றது கடமான். கண்ணே கிடையாது என்றது கீரி. ஆளுக்கு ஒரு மொர்ணா. சொல்லில் மட்டும் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

மறுநாள் தெளிந்த தண்ணீரை முயல் தனியாகக் குடித்தது. புதருக்குத் திரும்பினால், மனைவி தும்பை குட்டிகளை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“இனி யாரும் குட்டைப் பக்கம் போகக்கூடாது. மொர்ணா வந்திருக்கிறதாம்!”

“அது நான் சும்மா சொன்னது, தும்பை!”

“சும்மாவா? இல்லாத ஒன்றுக்கு எப்படிப் பெயர் இருக்கும்?”

தும்பை ஒரு குட்டியைக்கூட வெளியே விடவில்லை. இரண்டாம் நாள் கடைக்குட்டியால் எழுந்து நிற்க முடியவில்லை. நாக்கு வெளியே தொங்கியது.

முயல் ஓடியது. வழியில் கடமான்.

“மொர்ணா இல்லை, அண்ணே! மொர்ணா இல்லை!”

“ஒரு சொல்தானே வழக்கம்? நீ இரண்டு சொல்கிறாயே!” முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு கடமான் ஓடியது. “மொர்ணா! மொர்ணா!”

முயல் ஒவ்வொருவராகத் துரத்தித் துரத்திச் சொன்னது. மறுப்பதற்கும் அந்தப் பெயரைத்தான் சொல்லவேண்டியிருந்தது. மறுத்த இடத்திலெல்லாம் இன்னும் இரண்டு வாய் அதைச் சொல்லின.

கடைசியில் தும்பையையும் குட்டிகளையும் கெஞ்சிக் கூட்டிவந்து மேட்டில் நிறுத்தியது. பன்றிகள் தள்ளி நின்று பார்த்தன.

தண்ணீர் ஓரத்தில் முயலின் கால் நின்றுவிட்டது. குட்டை நடுவில் ஒரு குமிழி கிளம்பி உடைந்தது. சொன்னது தான்தான் என்று அதற்குத் தெரியும். ஆனாலும் முதுகு மயிர் சிலிர்த்தது. எட்டுக் கால். கண் கிடையாது.

“அப்பா, வந்துவிடு!” என்றது கடைக்குட்டி. குரலே எழும்பவில்லை.

அதைக் கேட்டதும் முயல் கண்ணை இறுக மூடிக்கொண்டு இறங்கியது. கழுத்துவரை தண்ணீர். குடித்தது. மறுபடியும் குடித்தது.

பக்கத்தில் ஏதோ சளப்பென்றது. முயல் கண்ணைத் திறந்தது. கடைக்குட்டி தள்ளாடி வந்து தண்ணீரில் வாய் வைத்திருந்தது. பிறகு தும்பை வந்தது. பிறகு பன்றிகள் திபுதிபுவென்று இறங்கிச் சேறாக்கின.

கடமான் மேட்டிலிருந்து கேட்டது. “தண்ணியில் என்ன?”

முயல் நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னது. “பன்றி!”

அன்று சாயங்காலம் காட்டின் அடுத்த கோடியிலிருந்து “மொர்ணா!” என்று யாரோ கத்துவது கேட்டது. முயலின் காதுகள் விறைத்து நின்றன.

சொல் தானாகவே வாய் விட்டு வாய் தாவிப் போய்விடும்; அதன் உண்மையை, முதலில் அதைச் சொன்னவர்தான் நடந்துபோய்ச் சேர்க்கவேண்டும்.