என் மூக்கு முடிக்கு வந்த கத்தரி

அன்றுவரை என் மூக்கில் கத்தரி பட்டதே கிடையாது. எனக்கு எழுபத்தொரு வயது. முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். குறுக்கே கேள்வி கேட்டால் எழுந்து போய்விடுவேன்.

பேத்திக்கு மறுநாள் நிச்சயதார்த்தம். என் மனைவி சுப்புத்தாய் காலையிலேயே வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மூக்கு முடிய வெட்டாம வீட்டுப் படி ஏறாதீங்க. போன விசேஷத்துப் போட்டோவுல மூக்குல ரெண்டு வெளக்குமாறு தொங்குது."

மாசானத்தின் சலூனுக்குப் போனேன். முடியைக் கொடுக்க அல்ல, காப்பாற்ற. விருதுநகரில் எங்கள் தெருவைச் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. புழுதியில் எதிர்வீடு தெரியாது. சலூன் பெஞ்சில் லாரி ஆபீஸ் தங்கப்பழம், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதையும் எடை போடாமல் நம்பாத மனிதர்.

"சவரம் மட்டும். மூக்குப் பக்கம் வராத," என்றேன்.

"அம்மா போன் பண்ணிட்டாங்க அண்ணாச்சி," என்றான் மாசானம். கத்தரியை எடுத்துத் துடைத்தான்.

"வெட்டுனா ஊருக்கு ஆகாது."

தங்கப்பழம் பேப்பரை இறக்கினார். "உங்க மூக்கு முடிக்கும் ஊருக்கும் என்ன சம்பந்தம்?"

"மூக்கு எதுக்கு ஓய் இருக்கு?"

"மூச்சு விட. முடி தூசியப் பிடிக்கும். தப்பினதச் சளி ஒட்டிப் பிடிக்கும். உள்ள போற காத்தச் சூடாக்கி, ஈரமாக்கி அனுப்பும். என் மக புஸ்தகத்துலயே இருக்கு."

"அது சாதா மூக்கு."

சொல்ல வேண்டியதாகிவிட்டது. சொன்னேன்.

மிளகாய் மண்டியில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தேன். மூட்டை பிரிக்கும்போது அத்தனை பேரும் மூக்கில் துண்டைக் கட்டுவார்கள். நான் கட்டியதில்லை. நெடி என் மூக்கு வாசலிலேயே நின்றுவிடும். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் அரைக்கிலோ மிளகாய்த்தூள் விழும். சலித்த தூள். காம்பு இருக்காது, விதை இருக்காது. முப்பத்திரண்டு வருஷமும் எங்கள் வீட்டில் மிளகாய்த்தூள் கடையில் வாங்கியதில்லை.

தங்கப்பழத்தின் முகம் ஒரு மாதிரி ஆனது. "அண்ணாச்சி, உங்க வீட்டுல நான் ரெண்டு தடவ சாம்பார் சாப்பிட்டிருக்கேன்."

"நல்லாருக்குன்னு சொன்னீரா, இல்லையா?"

அவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து வாய்க்கு இறக்கினார்.

மாசானம் முகத்தில் நுரையைப் பூசினான். மீசையை ஒதுக்க வேண்டும் என்று என் மூக்கு நுனியைத் தூக்கிப் பிடித்தான். குரல் ஜலதோஷக்காரன் குரல் மாதிரி வந்தது. அதற்காக நிறுத்த முடியுமா? கண்ணை மூடிக்கொண்டு கொடைக்கானலைச் சொன்னேன்.

மார்கழி மாதம். மண்டி ஆட்கள் இருபது பேர் போயிருந்தோம். விடிந்த பிறகும் பல் தந்தியடிக்கிறது. விறகெல்லாம் ஈரம், அடுப்பு பற்றவில்லை. நான் இழுப்பது பனிக்காற்று. அது என் முடிக்காட்டில் வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி வருவதற்குள் கொதித்துவிடும். வெளியே விட்டால் அனல். இருபது பேரும் என் மூக்கைச் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்ந்தார்கள். வலது மூக்குக்கு நேரே பால் வைத்தோம். இடது மூக்குக்கு நேரே டிகாஷன்.

"மூச்ச உள்ள இழுக்கும்போது பால் ஆறிடாதா?" என்றார் தங்கப்பழம்.

"அதனாலதான் பொங்கி வழியல."

மாசானம் சிரித்தான். சிரிப்பு என் மீசையில் காற்றாக அடித்தது. வேலையைப் பார் என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றான்.

"இதெல்லாம் சின்ன விஷயம் ஓய். திருஷ்டி கழிச்சதக் கேளும்."

எங்கள் முதலாளி பெரியகருப்பன் மகனுக்குக் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டி வாசலில் வந்து இறங்கினார்கள். ஏழு மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டார்கள். நெடி வந்தால் திருஷ்டி இல்லை. வராவிட்டால் கண் பட்டிருக்கிறது. நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சோதனை. ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில் நான் நின்றேன். அதை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

நெடி வரவில்லை.

'பொல்லாத கண்ணா இருக்கே' என்று முதலாளி ஒரு படி மிளகாயைக் கொட்டினார். ஒருத்தரும் இருமவில்லை. ஒரு மூட்டை போட்டார். பிறகு பத்து. யார் வீட்டுக் கண் என்று இரண்டு சம்பந்திகளும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். நூறு மூட்டை எரிகிறது. குழந்தைகள் பக்கத்திலேயே விளையாடுகிறார்கள். முதலாளி அழுதுகொண்டே சரக்குக் கிட்டங்கியின் சாவியை எடுத்தார்.

தெருவில் ஒரு லாரி ஹாரனை விடாமல் அடித்தது. எந்த இடத்தில் அடிக்கிறான் பாருங்கள்! கண்ணைத் திறக்காமலே காத்திருந்தேன். போய்த் தொலைந்தது.

கிட்டங்கியில் இருந்த நானூறு மூட்டையும் அடுப்புக்குள் போயிற்று. ஒரு தும்மல் இல்லை. 'இவ்வளவு கண்ணு பட்ட வீட்டுல எங்க பொண்ணு இருக்காது' என்று பெண்வீட்டார் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு வேனைக் கிளப்பிவிட்டார்கள். மாப்பிள்ளை மாலையோடு வேனுக்குப் பின்னால் ஓடுகிறான். எனக்கோ தாகம். ஒரு டீ குடிக்கலாம் என்று நாலு எட்டு நகர்ந்தேன்.

ஊர் தும்மியது. மொத்த ஊரும், ஒரே தும்மல். போன வேன் பின்னாலேயே உருண்டு வந்து மண்டி வாசலில் நின்றது. மதுரைக்குக் கிளம்பின ரயில் சாத்தூருக்குப் போய்விட்டது. முதலாளி கண்ணும் மூக்கும் ஒழுக, 'கழிஞ்சது, கழிஞ்சது' என்று குதித்தார். அந்தப் பெண்ணுக்கு இப்போது மூன்று பிள்ளைகள்.

தங்கப்பழம் விரலை மடக்கி எதையோ கணக்குப் போட்டார். "அத்தன நெடியும் உங்க ரெண்டு மூக்குத் துவாரத்துலயா?"

"ஒண்ணுலதான் ஓய். இடது பக்கம் அன்னைக்கு அடைப்பு."

அவர் பேப்பரை மடித்துவிட்டார். இதுதான் சமயம் என்று கண்ணைத் திறந்தேன்.

"மாசானம், நீயும் கேட்டுக்க. அன்னைக்குப் பிடிச்ச நெடி இன்னும் இந்த முடியிலதான் இருக்கு. ஒரு முடி போச்சுன்னா தும்முவேன். தும்முனா உன் சலூன் தகரம் அருப்புக்கோட்டையில போய் எறங்கும். மரியாதையா கத்தரியக் கீழ வை."

"வச்சு நேரமாச்சு அண்ணாச்சி."

"என்னது?"

"கொடைக்கானல்ல வலது பக்கம் முடிஞ்சுது. நூறு மூட்ட எரியும்போது இடது பக்கம்."

கண்ணாடியைப் பார்த்தேன். இரண்டு துவாரமும் காலி வீடு மாதிரி கிடந்தன.

தங்கப்பழம் மேலே தகரத்தைப் பார்த்தார். மாசானமும் பார்த்தான். என்ன செய்வது, மூக்கு குறுகுறுத்தது. தும்மினேன். பவுடர் டப்பாவின் மூடிகூட அசையவில்லை. தங்கப்பழம் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் விடுவேனா?

"வெட்டுனத எங்க போட்ட?"

"கூட்டி வாசல்ல தள்ளிட்டேன் அண்ணாச்சி."

துண்டை உருவி எறிந்துவிட்டு வாசலுக்குப் போனேன். தெருவில் பொட்டுப் புழுதி இல்லை. எதிர்வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைக்கூடப் படிக்க முடிந்தது. ஒரு மாதமாக அந்த வீடே தெரியாது.

"வந்து பாரும் ஓய்!" என்றேன். "விழுந்து கால் மணி நேரம் ஆகல. தெருப் புழுதி மொத்தத்தையும் பிடிச்சிருச்சு. மூக்குகூட வேணாம், முடி மட்டுமே போதும்!"

தங்கப்பழம் எழுந்து வந்தார். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"தண்ணி லாரி தெளிச்சுட்டுப் போயிருக்கு அண்ணாச்சி. ஹாரன் கேக்கலையா?"