தாடைக்கு வளைத்த தகடு

மறுநாள் காலையில் ஆபரேஷன். தகடு இன்னும் சரியானபாடில்லை.

டாக்டர் முகிலன் மறுபடியும் அதைக் கொண்டுபோய் ரெஜினா மேடம் மேசையில் வைத்தான். தாடை ஆபரேஷனில் அவனுக்கு அவர்தான் குரு. மேடம் தகட்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

“ம்ஹூம். திரும்ப வளை.”

“எங்க தப்புன்னு சொல்லுங்களேன் மேடம்.”

“சொன்னா இந்தத் தகடு சரியாயிடும். அடுத்த தகடு?”

முகிலனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மத்தியானச் சாப்பாடும் போச்சு, விரலெல்லாம் கொப்புளம்.

பேச்சிக்கனி என்ற அம்மாவுக்கு இடது தாடையில் கட்டி. லட்சத்தில் ஒருத்தருக்கு வருமாம். புற்று இல்லை, ஆனால் சும்மா சுரண்டி எடுத்தால் மறுபடி முளைக்கிற ரகம். வருஷக்கணக்கில் வளர்ந்து எலும்பையே ஊதவைத்துவிட்டது. அந்த எலும்போடு சேர்த்து வெட்டியெடுத்துவிட்டு, காலிலிருந்து ஓர் எலும்பை எடுத்து அங்கே பொருத்தவேண்டும். தகடுதான் அதைத் தாங்கிப் பிடிக்கும். தகடு எப்படி வளைகிறதோ அப்படித்தான் முகமும் அமையும்.

ஸ்கேன் பார்த்து பிளாஸ்டிக்கில் செய்த அவள் தாடையின் அச்சு முகிலன் கையில் இருந்தது. தகட்டை அதன்மேல் வைத்துக் காட்டினான்.

“பாருங்க மேடம், ஒரு நூல் நுழையுமா? இதுக்கு மேல என்னால ஆகாது. வேற யாரையாச்சும் வளைக்கச் சொல்லுங்க.”

மேடம் பெருமூச்சு விட்டு எழுந்தார். “அதை எடுத்துக்கிட்டு வா.”

வார்டில் பேச்சிக்கனி முந்தானையால் கன்னத்தை மூடி உட்கார்ந்திருந்தாள்.

“வாங்க டாக்டரம்மா. அறுப்பு எனக்கு. இந்தத் தம்பி ஏன் மூஞ்சிய உம்முனு வச்சிருக்கு?”

மேடம் சிரிக்கவில்லை. தகட்டை வாங்கித் திருப்பி, அவளுடைய வலது கன்னத்தில், நல்ல பக்கத்துத் தாடையில், வைத்துப் பிடித்தார். ஒட்டவில்லை. இரண்டு விரல் நுழைகிற மாதிரி நடுவில் புடைத்து நின்றது.

பேச்சிக்கனி பதறிப்போனாள். “ஐயையோ, இந்தப் பக்கமும் வீங்குமா?”

“வீங்காதும்மா. இது நாளைக்கு அந்தப் பக்கம் உள்ள வைக்கிறது.”

அவள் தகட்டின் புடைப்பை ஒரு விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் முகிலன் பக்கம் திரும்பினாள்.

“அப்போ அறுத்த பிறகும் எனக்கு இதே மூஞ்சிதானா தம்பி?”

முகிலன் தகட்டை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தான்.

வராந்தாவுக்கு வந்ததும் முணுமுணுத்தான். “அச்சுல எப்படி இருந்துச்சோ அப்படியேதான் வளைச்சேன் மேடம். மயிரிழை பிசகல.”

“பிசகலடா, கட்டிக்குக் கச்சிதமாத்தான் இருக்கு,” என்றார் மேடம். “நாளைக்கு வெட்டியெடுக்கப் போறதுக்கு எதுக்குடா இன்னிக்கு உட்கார்ந்து சட்டை தைக்கிற?”