களைப்பு என்று சொல்லக் கூடாது

செம்மலைக் கோட்டையை ஆண்ட குலமணி பூபதிக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. மதியம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். கெட்ட பழக்கமும் ஒன்று உண்டு. தூங்கி எழுந்ததும் நாட்டைத் திருத்தக் கிளம்பிவிடுவார்.

ஒருநாள் அப்படி எழுந்து வந்து பார்த்தால், சபையில் பாதிப்பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். தளவாய் கொண்டல்ராயர் தன் பெரிய மீசையை முறுக்கினார்.

"மகாராஜா, களைப்பு என்ற சொல் வாயில் இருப்பதால்தான் உடம்பில் களைப்பு வருகிறது. சொல்லை எடுத்துவிட்டால் ஆள் தானே நிமிர்ந்துவிடுவான்."

அரசருக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. சொற்களுக்குப் பொருள் எழுதிவைக்கும் புலவர் அம்பலவாணரைக் கூப்பிட்டார்.

"ஊக்கத்துக்கு எத்தனை சொல் உண்டோ அத்தனையும் வலப்பக்கம் எழுதும். எதிர்ச்சொல்லையெல்லாம் இடப்பக்கம் எழுதும்."

ஊக்கம், உற்சாகம், தெம்பு, துடிப்பு, சுறுசுறுப்பு, விறுவிறுப்பு என்று எழுதினார் அம்பலவாணர். "ஊக்கம் மனசில் இருப்பது. தெம்பு உடம்பில் இருப்பது. சுறுசுறுப்பு கை காலில் தெரிவது" என்று பொருளும் சொன்னார். இடப்பக்கம் ஏழு சொல் வந்தது. களைப்பு, சோர்வு, அசதி, அலுப்பு, தளர்ச்சி, மந்தம், சோம்பல்.

"ஒரு விண்ணப்பம், மகாராஜா. களைப்பு வேலை செய்தவனுக்கு வருவது. சோம்பல் செய்யாதவனுக்கு வருவது. இரண்டையும் ஒரே பக்கத்தில் உட்காரவைப்பது நியாயமில்லை."

"இரண்டும் படுக்கத்தானே சொல்கிறது?" என்றார் தளவாய்.

மறுநாள் காலையில் முரசு அறைந்தார்கள். இடப்பக்கத்துச் சொல்லை வாய்விட்டுச் சொன்னவனுக்குப் பாதி மீசையை மழித்து, குடும்பத்தோடு எல்லைக்கு வெளியே அனுப்பவேண்டும். யாராக இருந்தாலும் சரி.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அரசர் பல்லக்கில் மலைக்கோயிலுக்குப் போனார். இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாகவேண்டும். அரசரின் தாத்தா ஒருமுறை பல்லக்கில் இருந்தபடி "இறக்கு" என்றார். அதே வாரம் ஒரு கோட்டை கையைவிட்டுப் போயிற்று. அன்றிலிருந்து அந்த வம்சத்தில் யாரும் பல்லக்கை இறக்கச் சொல்வதில்லை. முன்தண்டு பிடிக்கிறவன், "தோளு களைச்சுப் போச்சு சாமி" என்பான். அந்தச் சொல் காதில் விழுந்தால்தான் பல்லக்கு தரைக்கு வரும்.

முன்தண்டுக்காரன் இருளப்பன். இருபது வருஷமாக அதே தோள், அதே வார்த்தை. கோயில் வாசலில் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டான். தூணுக்குப் பின்னாலிருந்து தளவாய் வெளியே வந்தார்.

"சாமி, அது எங்க வேலைக்குண்டான பேச்சு. நான் பிள்ளைகுட்டிக்காரன்" என்று இருளப்பன் காலில் விழுந்தான்.

அரசருக்கும் சங்கடம்தான். இருந்தாலும் ஆணை போட்டாயிற்றே. "முதலில் என்னை அரண்மனையில் கொண்டுபோய் விடட்டும். அப்புறம் மழியுங்கள்" என்றார்.

பட்டியலின் முதல் சொல் அது. எழுதியது அம்பலவாணரின் கை. இறங்கும் வழியில் இருளப்பன் பக்கமாகப் போய் முணுமுணுத்தார். "அரண்மனை வாசலில் வாயைத் திறக்காதே. ஆணைப்படி நடந்துகொண்டே இரு."

வாசலில் அரண்மனை நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். பல்லக்கு அவரைத் தாண்டிப் போயிற்று. முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து மறுபடியும் தாண்டிப் போயிற்று.

மூன்றாவது சுற்றில் அரசர் திரையை விலக்கினார். "என்ன அம்பலவாணரே இது?"

"இறக்குவதற்கு உண்டான சொல் இடப்பக்கத்தில் இருக்கிறது, மகாராஜா."

"வேறு யாராவது சொல்லட்டுமே."

"எங்களுக்குத் தெம்பா இருக்கு சாமி!" என்றார்கள் பல்லக்குத் தூக்கிகள். பொய் இல்லை. அவர்கள் பதினாறு பேர். எட்டு எட்டுப் பேராகத் தோள் மாற்றிக்கொண்டார்கள். அரசருக்குத்தான் மாற்று ஆள் இல்லை.

"தளவாய், நீர் சொல்லும்."

தளவாய் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எனக்கு உற்சாகம் பொங்குகிறது, மகாராஜா."

"ஆணையை ரத்து செய்துவிடலாமா?" என்று அம்பலவாணர் பணிவாகக் கேட்டார்.

"காலையில் முரசு அறைந்துவிட்டு மதியம் மாற்றினால் ஊர் சிரிக்கும்."

"அப்படியானால் சுற்றலாம்."

சுற்றினார்கள். வெயில் உச்சிக்கு வந்தது. சமையற்கட்டைக் கடக்கும்போதெல்லாம் நெய்யில் தாளிக்கும் வாசனை வந்தது, போயிற்று. அரசருக்குக் கால் மரத்துப்போயிற்று. குதித்துவிடலாம். ஆனால் அவர் உடம்பு குதிப்பதற்கென்று ஏற்பட்டதில்லை. பதினேழாவது சுற்றில் ஊர் கேட்க அலறினார்.

"ஐயோ, களைச்சுப் போச்சுடா எனக்கு!"

பல்லக்கு அந்த நொடியே தரைக்கு வந்தது.

காலையிலிருந்து காத்திருந்த நாவிதர் கத்தியோடு முன்னால் வந்து கும்பிட்டார்.

"சாமி, ஒண்ணுன்னு சொன்னாங்க, இப்ப ரெண்டாயிடுச்சு. யாருக்கு முதல்ல எடுக்கணும்?"

அரசர் மீசையைப் பொத்திக்கொண்டார். இருளப்பனைப் பார்த்தார். அம்பலவாணரைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"உட்கார்ந்து வந்த எனக்கே இப்படி என்றால், தூக்கி வந்தவன் சொன்னதில் என்ன தப்பு? அந்த ஓலையைக் கிழித்துப் போடும், அம்பலவாணரே!"

இருளப்பனுக்கு மீசையும் ஊரும் தப்பின. பல்லக்குத் தூக்கிகளுக்கு மலைப்பாதையின் நடுவில் நிழல்பந்தலும் நீர்மோரும் கிடைத்தன. அம்பலவாணருக்குப் பட்டுச் சால்வை.

அடுத்த வெள்ளிக்கிழமை முன்தண்டு பிடிக்கும் வேலை தளவாய்க்குப் போயிற்று. உற்சாகம் பொங்குகிறவர் ஆயிற்றே. நாற்பதாவது படியில் இடப்பக்கத்து ஏழு சொற்களையும் வரிசை தப்பாமல் சொன்னார். எட்டாவதாகவும் ஒன்று சொன்னார். அது பட்டியலில் இல்லாதது.

பின்னால் வந்த அம்பலவாணர் எழுத்தாணியை எடுத்தார்.

"தளவாய், அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்கள். எழுதிக்கொள்கிறேன்."