துணைவேந்தரின் நாலு வரி

ஒரு பல்கலைக்கழகத்தில் தெய்வானை பதினோரு வருஷமாக எழுத்துப் பயிற்சி வகுப்பு நடத்திவந்தாள். கௌரவ விரிவுரையாளர் என்று பெயர், வேலை நிரந்தரமில்லை. புதிதாக வந்த துணைவேந்தர் சபாநாயகம் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"பேனா பிடிச்சவனெல்லாம் எழுதுறான். அதுக்கு ஒரு வகுப்பாம்மா? பத்து நிமிஷத்துல அதோட பிரயோஜனத்தைக் காட்டு. இல்லன்னா இன்னியோட வகுப்பை மூடிடுவேன், உன் வேலையும் போயிடும்."

தெய்வானை மேசைமேல் இருந்த வெள்ளைத்தாள் கட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"மூடுற உத்தரவை உங்க கையாலயே எழுதிக் கொடுத்துடுங்க சார். காரணத்தோட நாலு வரி போதும். வாங்கிட்டுப் போயிடறேன்."

"அவ்வளவுதானே?"

ஒரு வரி எழுதினார், அடித்தார். தாளைக் கசக்கினார். ஜன்னல்வரை நடந்துபோய்த் திரும்பினார். குமாஸ்தாவைக் கூப்பிட மணியில் கை வைத்தார்.

"பேனா உங்க கையிலதான் சார் இருக்கு" என்றாள் தெய்வானை.

மணியை விட்டுவிட்டார். ஏழாவது தாளும் கூடைக்குப் போனபோது பத்து நிமிஷம் முடிந்திருந்தது.

"இதை எப்படித்தான் ஆரம்பிக்கிறது?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

"அதுதான் சார் எங்க முதல் நாள் பாடம். திங்கட்கிழமை பத்து மணிக்கு வாங்க, முன்வரிசையில இடம் போட்டு வைக்கிறேன்."

எட்டாவது தாளை அவர் எடுக்கவில்லை. வகுப்பு இன்னும் நடக்கிறது.