இருபது நொடிக்கு ஒரு படம்

"உன் வித்தை பொய் சொல்லுது, கமர்" என்றாள் முப்பிடாதி.

அவளுக்கு அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்த குரு கமர் நிமிரவில்லை. யாருடைய ஃபோனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே மாட்டிய ஒரு காற்றுக்குமிழியைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி விளிம்புக்குக் கொண்டுபோனாள்.

"பொய் சொல்லுதா? இல்ல, உண்மையச் சொல்லலையா?"

"ரெண்டும் ஒன்னுதான்."

"ரெண்டும் ஒன்னுன்னா, அப்புறம் எதுக்குக்கா எம்.ஏ. படிக்கே?"

குருவுக்கு வயது பத்தொன்பது. பேருந்து நிலையத்தின் பின்வாசலில் வாப்பாவின் செல்ஃபோன் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். சிஷ்யைக்கு இருபத்திரண்டு. மூத்தவள் இளையவளிடம் பாடம் கேட்பதில் இருவருக்கும் கூச்சம் இருந்ததில்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் இருந்தது.

கமர் எடுப்பதெல்லாம் அரை நிமிடப் படங்கள். இட்லி மாவு பொங்குவது. மீன் சந்தையில் ஐஸ்கட்டி கரைவது. வெயில் ஒரு சுவரைக் கடப்பது. ஃபோனை அசையாமல் நிறுத்தி, இத்தனை நொடிக்கு ஒரு படம் என்று அதுவாக எடுக்கவிட்டு, அத்தனையையும் கோத்து ஓடவிடுவாள். மூன்று மணி நேரம் பதினெட்டு நொடியில் ஓடிவிடும்.

அதை நம்பித்தான் முப்பிடாதி பஸ் டெப்போவுக்குப் போயிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"சிரிச்சாங்க."

*

விஷயம் இதுதான்.

ஈச்சங்கால் விலக்கில், அதாவது ஊருக்குச் சாலை பிரியும் முனையில், டவுன் பஸ் நிற்பதில்லை. அங்கே நிற்கிறவர்கள் பெண்கள் மட்டும். முப்பிடாதியோடு சேர்த்து எட்டுப் பேர். ஆண்களுக்கு பைக் இருக்கிறது. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இலவசம்.

"ஓசி டிக்கெட்டுக்கெல்லாம் எவன் பிரேக் போடுவான்?" என்று ஒரு டிரைவர் வாய்விட்டே சொல்லியிருக்கிறார்.

ஆகவே எட்டுப் பேரும் அடுத்த நிறுத்தத்துக்கு மூன்று கிலோமீட்டர் நடக்கிறார்கள். ஆறு மாதமாக நடக்கிறார்கள்.

இப்போது டெப்போவிலிருந்து ஒரு பட்டியல் வந்திருக்கிறது. ஆள் ஏறாத நிறுத்தங்கள். ஈச்சங்கால் விலக்கில் ஆறு மாதமாக ஒரு டிக்கெட்கூட ஏறவில்லையாம். ஒன்றாம் தேதியிலிருந்து அது நிறுத்தமே இல்லையாம்.

நிற்காத பஸ்ஸில் எப்படி ஏறுவது என்று பட்டியல் போட்டவர் யோசிக்கவில்லை. யோசிக்கிறவர்களிடம் பட்டியல் போடும் வேலையைக் கொடுப்பதில்லை.

இன்றைக்கு நடப்பது கோளாறு. ஒன்றாம் தேதிக்குப் பிறகு அதுவே விதி.

*

"படத்தைக் காட்டு" என்றாள் கமர்.

காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை. அன்று எட்டுப் பேரும் வேலைக்கோ படிப்புக்கோ போகாமல் படத்துக்காகவே நின்றார்கள்.

எட்டு நிழல்களும் குட்டையாகிக்கொண்டே வந்தன. பெண்கள் இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறினார்கள். ஒருத்தி உட்கார்ந்தாள், எழுந்தாள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் சுப்புத்தாய் மட்டும் இடுப்பில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

பதினெட்டு நொடி. முடிந்தது.

"அஞ்சு பஸ் போச்சு, கமர். அஞ்சும் நிக்காமப் போச்சு. ஒன்னாவது இதுல இருக்கா?"

இல்லை.

"மேலாளர் என்ன சொன்னாரு?"

மேலாளர் நல்ல மனிதர். நாற்காலி போடச் சொன்னார். நாற்காலி போடுகிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"ஏம்மா, எட்டுப் பேர் நிக்கீங்க, சரி. பஸ் எங்க?" என்று கேட்டாராம்.

"போயிருச்சு சார்."

"இதுல வரவே இல்லையேம்மா. வராத பஸ் எப்படி நிக்காமப் போகும்?"

அலுவலகமே சிரித்ததாம். டீ கொண்டுவந்தவரும் சிரித்தாராம்.

"எத்தனை செகண்டுக்கு ஒரு படம் வச்சே?" என்றாள் கமர்.

"இருபது. நீதானே சொன்னே, நிழல் நகருறது தெரியணும்னா இருபது வைன்னு."

"பஸ் உங்க விலக்கைத் தாண்ட எத்தனை செகண்ட் ஆகும்?"

"மூணு."

"அப்ப படத்துமேல என்ன தப்பு? நிக்காதது இதுல விழாது. அதான் இதோட குணம்."

"இது தத்துவமா, சமாளிப்பா?"

"கடையில ரெண்டும் கிடைக்கும்."

"போடி!" என்றாள் சிஷ்யை.

*

முப்பிடாதி அடுத்த நாள் சாதாரண வீடியோ எடுத்தாள். பஸ் வந்தது, எட்டுக் கைகள் நீண்டன, பஸ் போனது. எல்லாம் தெளிவாக விழுந்தது.

மறுபடி டெப்போ. மறுபடி நாற்காலி.

"இது எங்க வண்டிதானா?" என்றார் மேலாளர். "நம்பர் தெரியலையே. பக்கத்து டெப்போ வண்டியும் அந்த வழியாப் போகுதும்மா."

"கலர் தெரியுதுல்லா சார்?"

"கலரை வச்சு ஒருத்தன்மேல நடவடிக்கை எடுக்க முடியுமா? நீயே சொல்லு. படிச்ச பிள்ளை."

படிச்ச பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நான் உனக்கு ஒரு வழி சொல்லுதேன்" என்று குரலைத் தாழ்த்தினார். "காலையில ஒரு ஆம்பளையக் கூட நிக்க வைங்க. நிறுத்திருவான்."

"அந்த ஆம்பளை எங்க போவாரு சார்?"

"எங்கயும் போக வேண்டாம். சும்மா நிக்கட்டும்."

"சும்மா நிக்கிற ஆம்பளைக்கு நிக்கும். வேலைக்குப் போற பொம்பளைக்கு நிக்காது. இதையும் எழுதித் தருவீங்களா?"

மேலாளருக்கு முகம் மாறியது.

"இங்க பாரும்மா. எனக்கு உன் முதல் படமே போதும். படத்துல இருக்கிறது இருக்கு. இல்லாதது இல்ல. நான் சொல்லுறது அவ்வளவுதான்."

*

"திருப்பிச் சொல்லு" என்றாள் கமர். "வார்த்தை மாறாமச் சொல்லு."

"படத்துல இருக்கிறது இருக்கு. இல்லாதது இல்ல. ஏண்டி சிரிக்கே?"

"அவரு தோத்துட்டாரு."

"நானா, அவரா?"

கமர் தன் ஃபோனை எடுத்து ஒரு படத்தை ஓடவிட்டாள். ஊரின் பெரிய நாற்சந்தி. வண்டிகள் கொசுக்கள்போல மினுங்கி மறைந்தன. நடுத்திட்டில் ஒரு நாய் தூங்கியது. ஓரத்தில் கடலை விற்கிறவர் அம்மிக்கல்மாதிரி அப்படியே இருந்தார்.

"அன்னைக்கு இந்த வழியா ஒரு மந்திரி போனாரு. பதினோரு கார். சைரன் வேற. எங்கன்னு காட்டு."

முப்பிடாதி தேடினாள். நாய் இருந்தது. கடலைக்காரர் இருந்தார்.

"இல்ல."

"இதுக்குள்ள வரணும்னா என்ன செய்யணும்?"

"நிக்கணும்."

"யாரு?"

முப்பிடாதி நடுத்திட்டில் தூங்கும் நாயை மறுபடி பார்த்தாள்.

கமர் மேசைக்கடியிலிருந்து தன் முக்காலி ஸ்டாண்டை எடுத்துக் கொடுத்தாள்.

"ஓரத்துல வைக்காதே. ஓரத்துல வச்சா எல்லாம் ஓரமாத்தான் தெரியும்."

"வேற எங்க வைக்க?"

"எம்.ஏ. யாரு, நீயா நானா?"

*

முப்பதாம் தேதி காலை ஆறரை மணி.

ஈச்சங்கால் விலக்குக்கு முன்னால் சாலை ஒரே நேராக வரும். ஒரு மைலுக்கு அப்பால் வருகிற வண்டியின் கண்ணாடிகூட வெயிலில் தெரியும்.

முப்பிடாதி ஸ்டாண்டை நடுச் சாலையில் விரித்தாள். ஃபோனை மாட்டினாள். இருபது நொடி வைத்தாள். பக்கத்தில் நின்றுகொண்டாள்.

சுப்புத்தாய் ஓரத்திலிருந்து நடந்துவந்து அவள் அருகில் நின்றாள்.

"நீங்க ஓரமா நில்லுங்க சித்தி."

"ஓரமா நின்னுதான் ஆறு மாசம் ஆச்சு. தள்ளிக்கோ."

மற்ற ஆறு பேரும் வந்தார்கள். ஒருத்தி செருப்பைச் சரிசெய்துகொண்டாள். இன்னொருத்தி சாமி கும்பிட்டாள்.

தூரத்தில் கண்ணாடி மின்னியது.

முதலில் ஹாரன் வந்தது. அப்புறம் இன்னும் நீளமான ஹாரன். யாரும் நகரவில்லை. பிரேக் கிறீச்சிட்டது. ஸ்டாண்டுக்குப் பத்தடி முன்னால் பஸ் குலுங்கி நின்றது.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏ பிள்ள! வீட்டுல சொல்லிட்டு வந்தியா?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன் அண்ணாச்சி. பஸ்ல போறேன்னு."

பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள்.

கண்டக்டர் இறங்கி ஓடிவந்தார். "எடும்மா அந்தக் கருமத்தை!"

"தொட்டுராதீங்க. ஆடிரும். இருபது செகண்டுக்கு ஒரு படம். நீங்க வந்து இப்பத்தான் ஒன்னு விழுந்திருக்கு."

"ஒன்னு போதாதா?"

"போதாதுங்காரு உங்க மேலாளர். அவருக்கு நல்லாத் தெரியணும்."

அதற்குள் பெண்கள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். யாரும் அவசரப்படவில்லை. சுப்புத்தாய் கடைசியாகப் போனாள். ஒரு காலைப் படியில் வைத்தாள், ஒரு காலைத் தரையில் வைத்தாள், திரும்பிக் கேட்டாள்.

"படம் விழுந்துச்சாட்டி?"

"இன்னும் இல்ல சித்தி."

"அப்ப இப்படியே நிக்கேன்."

இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். டிரைவர் ஹாரன் அடித்தார். அவளுக்குக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருபது வருடம் மணிச்சத்தம் கேட்டுப் பழகியவள்.

மூன்று படம் விழுந்தது. அப்புறம் எட்டுப் பேருக்கும் டிக்கெட் கிழிந்தது. இரண்டு பேர் மட்டும் அந்த பஸ்ஸில் போனார்கள். மற்றவர்கள் அடுத்த பஸ்ஸையும் நிறுத்துவதற்காக இறங்கிக்கொண்டார்கள்.

"ஏறிட்டு ஏன் இறங்குதீங்க?" என்று கண்டக்டர் கத்தினார்.

"எங்க பஸ்ஸு. ஏறுவோம், இறங்குவோம்" என்றாள் சுப்புத்தாய்.

ஒன்பதரைக்குள் இன்னும் நான்கு பஸ் வந்தது. நான்கும் நின்றது.

*

மாலையில் எட்டுப் பேரும் டெப்போவுக்குப் போனார்கள். கமர் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தாள். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. யாரும் உட்காரவில்லை.

மேலாளர் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பதினெட்டு நொடியில் ஐந்து முறை பஸ் நின்றது. நம்பர் பிளேட் தெரிந்தது. ஒருமுறை டிரைவரின் திறந்த வாய்கூடத் தெரிந்தது.

அவர் மெல்ல நிமிர்ந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"நிக்குதே! அஞ்சு வண்டியும் நிக்குதே. அப்ப ஆறு மாசமா நிக்கலைன்னு நீ சொன்னது பொய்தானே?"

பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன. சிரிப்பதற்குத் தயாராக இருந்தார்கள்.

முப்பிடாதியின் தொண்டைவரைக்கும் நூறு பதில்கள் வந்தன. ஒவ்வொன்றும் சரியான பதில். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் இருந்தது.

அவள் கமரைப் பார்த்தாள். கமர் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா சார்" என்றாள் முப்பிடாதி. "பொய்தான்."

மேலாளர் ஃபோனை அவள் பக்கம் தள்ளினார்.

"ஈச்சங்கால் விலக்குல அஞ்சு வண்டியும் நிக்குது. எட்டுப் பேர் ஏறுதாங்க. நான் பொய் சொல்லிட்டேன். இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்."

"எதுக்கு?"

"நான் இனிமே பொய் சொல்லாம இருக்கணும்லா."

யாரும் சிரிக்கவில்லை. டீ கொண்டுவந்தவர் மட்டும் சிரித்தார். இந்த முறை வேறு பக்கம் பார்த்து.

மேலாளர் ஒரு தாளை இழுத்தார். பிறகு எழுதினார். பட்டியலில் ஒரு வரியை அடித்தார். கையெழுத்துப் போட்டார். முத்திரையை வேண்டிய அளவுக்கு மேல் ஓங்கிக் குத்தினார்.

தாளை நீட்டியவர், பிடியை விடவில்லை.

"நாளைக்கு அந்த ஸ்டாண்டை நடு ரோட்டுல பாத்தா போலீஸ் தூக்கிட்டுப் போயிருவான். அப்புறம் எப்படிம்மா நிக்கும் வண்டி?"

அங்கே வந்ததிலிருந்து முதல்முறையாகக் குரு வாயைத் திறந்தாள்.

"ஸ்டாண்டுக்கு மூணு காலுதான் சார். இவங்களுக்குப் பதினாறு."