வீட்டை அளந்த காலை

இந்தக் கதையைக் கேட்பவர் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. அந்த வேலையை ருக்குமணி பார்த்துக்கொள்வாள். நீங்கள் கண்ணை மட்டும் திறந்து வைத்திருங்கள்.

ருக்குமணி திருப்பூரில் வாடகைக் கட்டடத்தில் தையல் யூனிட் நடத்திவந்தாள். கட்டடக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். அப்போதுதான் வெள்ளகோவிலில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்தது. வீடு சிறியது. பின்னால் தாராளமாகக் காலி இடம், நடுவில் ஒரு கிணறு. கிணற்றை மூடிக் கொட்டகை போட்டால் மெஷின்களை அப்படியே கொண்டுவந்து இறக்கிவிடலாம். அந்தக் காலி இடத்துக்காகவே அவள் வீட்டை விரும்பினாள். கணவர் போனபின் தனியாளாகச் சேர்த்தது முழுவதும் இதில்தான் போகப்போகிறது.

“கெணறு சும்மா கெடக்குதுங்க்கா. யாரும் தண்ணி எடுக்கறதில்லை. தாராளமா மூடிக்கலாம்,” என்றான் வீட்டுக்காரன் செல்லமுத்து.

பத்திரம் பார்க்க உள்ளூர் வக்கீல் குழந்தைவேலுவைப் பிடித்தாள். உள்ளூர்க்காரர் என்றால் அலைச்சல் மிச்சம் என்று நினைத்தாள். முதல் நாளே அது தப்பாகப் பட்டது. டீக்கடை வாசலில் செல்லமுத்து வக்கீலின் தோளில் கையைப் போட்டு, “மாப்ள, நம்ம வேலையச் சீக்கிரம் முடிச்சுக் குடு,” என்றான். வக்கீல் சிரித்துக்கொண்டே டீயை ஆற்றினார். இவர் யாருக்காக வேலை பார்க்கிறார் என்று ருக்குமணிக்குக் குழப்பமாக இருந்தது.

சில நாள் பொறுத்துக் கேட்டாள். “பத்திரம் எப்படிங்க இருக்குது?”

“பத்திரத்துல ஒரு கொறையும் இல்லீங்க.”

“அப்ப வாங்கலாம்னு எழுதிக் குடுத்துருங்க.”

“எழுதலாங்க. என்ன அவசரம்?”

அவசரம் அவளுக்குத்தானே தெரியும். நகலை எடுத்துக்கொண்டு, இவருக்குச் சொல்லாமல், கோயமுத்தூரில் ஒரு வக்கீலிடம் காட்டினாள். எல்லாம் சரியாக இருக்கிறது, தயங்காமல் வாங்கலாம் என்றார் அவர். பின் இந்த மனிதர் ஏன் இழுக்கிறார்? வேறு யாருக்கோ வீட்டைத் தள்ளிவிடப் பார்க்கிறாரா?

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினாள். வீட்டின் பின்சந்தில் வக்கீலின் மொபெட் நின்றது. மதில் சுவரில் ஒரு சின்னக் கதவு. அதன் வழியாக வக்கீல் சந்துக்குள் வந்து, கதவைச் சாத்தி, வெளிப்பக்கத் தாழ்ப்பாளை நகர்த்திவிட்டுத் திரும்பினார்.

“இங்க என்னங்க பண்றீங்க?”

“சும்மாதாங்க. தாகமா இருந்துச்சு, தண்ணி குடிச்சேன்.” கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். “எதுக்கும் இன்னொருக்கா எடத்த அளந்துருலாங்க.”

“அளந்தாச்சுன்னு செல்லமுத்து சொன்னாரே.”

“அது ஆளு இல்லாத மத்தியானத்துல அளந்ததுங்க. காலங்காத்தால, தெருவே பாக்கற மாதிரி அளக்கோணும்.”

செல்லமுத்துவுக்கு அது பிடிக்கவில்லை. வெயில் ஏறியபின் வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான். வக்கீல் விடவில்லை.

காலையில் சர்வேயர் நாடாவின் ஒரு முனையைப் பிடித்தார், மறுமுனையைச் செல்லமுத்து. பின்பக்கக் காலி இடத்தின் குறுக்கே நாடா இடுப்புயரத்தில் நீண்டதும் முதலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். சுவரில் ஒரு சாண் தன்னுடையது என்றார்.

“ஒரு சாண் செவுத்த வெச்சுட்டு என்னங்கண்ணா பண்ணுவீங்க, படுத்துக்குவீங்களா?” என்றான் செல்லமுத்து. சர்வேயர் மண்ணைத் தள்ளி எல்லைக் கல்லைக் காட்டினார். சுவர் கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் முணுமுணுத்தபடி போனார்.

அடுத்து செல்லமுத்துவின் பெரியப்பா மகன் ரங்கசாமி. “எங்களக் கேக்காம எப்படிடா விப்ப? எங்கப்பனுக்கும் இதுல பங்கு.”

“பாகம் பிரிச்சப்ப உங்கப்பா பங்க வாங்கிட்டுக் கையெழுத்துப் போட்டுருக்காருங்க. பதிவும் ஆயிருக்குது,” என்றார் வக்கீல்.

“கையெழுத்துக் கெடக்குது. நாயம்னு ஒண்ணு இல்லீங்களா?”

“அந்த நாயத்துக்குத்தான் இதுக்குப் பதிலாத் தோட்டத்த வாங்குனீங்களே,” என்று செல்லமுத்து கத்த, ரங்கசாமி பதிலுக்குக் கத்த, தெருவே எட்டிப் பார்த்தது.

அந்தச் சத்தத்தினூடே சின்னக் கதவு திறந்தது. பின்சந்தில் குடியிருக்கும் பாவாத்தாள், இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக உள்ளே வந்தாள். செல்லமுத்து பேச்சை நிறுத்தாமலே நாடாவைத் தரைவரை தாழ்த்தினான். அவள் தாண்டிப் போய்க் கிணற்றில் கயிற்றை விட்டாள். இரண்டு குடமும் நிறைந்தன. யாரையும் கேட்கவில்லை, யாரிடமும் பேசவில்லை. வந்த வழியே போய்விட்டாள். நாடா மறுபடி இடுப்புக்கு உயர்ந்தது.

“பாத்துட்டீங்கல்ல?” என்றார் வக்கீல் ருக்குமணியிடம். “மூணு பேரு வந்தாங்க.”

வந்த மூவரில் ருக்குமணி அஞ்ச வேண்டியது யாருக்கு? அதை முதல் நாளே சொல்லாமல் அவளை இங்கே கொண்டுவந்து நிறுத்திய வக்கீல் செய்தது சரியா?

விடை: பாவாத்தாளுக்கு. சத்தம் போட்ட இருவருக்கும் கல்லும் கையெழுத்தும் பதில் சொல்லிவிட்டன. பத்திரத்தில் எழுதாவிட்டாலும், காலங்காலமாக யாரையும் கேட்காமல், யாரும் தடுக்காமல் அனுபவித்து வரும் வழியும் தண்ணீரும் உரிமையாகிவிடும். அதைச் செல்லமுத்துவின் வாய் மறைத்தது, கை ஒப்புக்கொண்டது. கோயமுத்தூர் வக்கீல் பார்த்தது காகிதத்தை மட்டும். கிணற்றை மூட முடியாது என்றால் கொட்டகை இல்லை. கொட்டகை இல்லையென்றால் அந்த வீடு ருக்குமணிக்கு எதற்கு? “இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே,” என்று கேட்டாள். “சொல்லியிருந்தா, எடத்த வேற ஆளுக்குப் பேசி வெச்சுருக்கறேன்னு நெனச்சிருப்பீங்க,” என்றார் குழந்தைவேலு. அவள் மறுக்கவில்லை. அட்வான்ஸ் கொடுக்காமலே பஸ் ஏறினாள். அவரை இன்றுவரை அவள் முழுதாக நம்பியதில்லை. ஆனால் காங்கேயத்தில் அடுத்த இடம் பார்க்கப் போனபோது அவரைத்தான் கூட்டிப் போனாள், அதுவும் காலையில்.